பட்டணத்து ஏட்டில் பெயர் இல்லாதவர்கள்

சங்கத்து வாசகசாலையில் சென்ற மாதம் அன்பர் ஒருவர் நம்மை நிறுத்தி, "சீனாக்காரர்கள் நாற்பதே ஆண்டுகளில் எத்தனை பட்டணங்களை எழுப்பிவிட்டார்கள்! அதைப் பற்றி ஒரு தடவை எழுதக்கூடாதா?" என்று கேட்டார். எழுதலாம், ஆனால் அன்பர் எதிர்பார்க்கும் விதத்தில் அமையுமா என்பது ஐயமே. விண்ணை முட்டும் மாளிகைகளையும் அவற்றினிடையே பறக்கும் ரயில்களையும் நாம் எல்லோரும் படங்களில் பார்த்தாயிற்று. அந்த மாளிகைகளைக் கட்டியவர்கள் இரவில் எங்கே படுத்தார்கள், அவர்கள் பிள்ளைகள் எந்த ஊரில் படித்தார்கள், அவர்கள் பெயர் எந்த ஏட்டில் எழுதப்பட்டிருந்தது என்பவற்றை அறியவே நமக்கு ஆவல். ஊர்விட்டு ஊர் வந்து பிழைக்கும் குடும்பங்கள் படிக்கும் இப்பத்திரிகையில் அந்த ஆவல் தவறாகாது என்று நம்புகிறோம்.

முதலில் கணக்கு. 1949ஆம் ஆண்டில் சீனத்தில் நூற்றுக்குப் பத்துப் பதினோரு பேரே பட்டணவாசிகள். 1978இலும் நூற்றுக்குப் பதினெட்டுப் பேருக்கு மேல் இல்லை. 2011இல் அத்தொகை பாதியைத் தாண்டியது. 2024 முடிவில் நூற்றுக்கு 67 ஆயிற்று. 2020ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி பட்டணங்களில் வசிப்போர் 90 கோடி. உலக சரித்திரத்தில் இவ்வளவு மனிதர்கள் இவ்வளவு விரைவில் ஏரை விட்டுப் பட்டணம் புகுந்தது வேறெங்கும் நிகழ்ந்ததில்லை. ஆயினும் அந்த 90 கோடிக்குள் ஒரு பிரிவினை இருக்கிறது. அதே 2020ஆம் ஆண்டில், வசிப்பினால் பட்டணத்தார் நூற்றுக்கு ஏறக்குறைய 64 பேர். பதிவேட்டின்படி பட்டணத்தார் 45 பேர்தாம். இடையில் நிற்கும் பத்தொன்பது பேரைப் பற்றியதே இம்மாதத்துப் பேச்சு.

பழைய சீனத்துப் பட்டணம் என்றால் மதில் என்றே பொருள். அவர்கள் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். தாங் வமிசத்தாரின் தலைநகராகிய சாங்-ஆன், இன்றைய சீஆன் நகரம் இருக்குமிடத்தில் சுமார் 84 சதுர கிலோமீட்டர் பரந்து கிடந்தது. அதனை நூற்றுச் சொச்சம் பேட்டைகளாக வகுத்து, பேட்டைக்குப் பேட்டை தனி மதில் எழுப்பியிருந்தனர். மாலை முரசு அறைந்து ஓய்ந்ததும் பேட்டை வாயில்கள் அடைபடும். அதற்குப் பின்னர்த் தெருவில் அகப்பட்டவனுக்குச் சட்டப்படி இருபது பிரம்படி. சோங் வமிசத்தார் காலத்தில் கைபெங் நகரத்து வியாபாரிகள் இந்தக் கட்டுப்பாட்டைப் பொறுக்கவில்லை. தெருவை நோக்கிக் கடைகளைத் திறந்தார்கள், இராக்கடைகளும் நடந்தன, உள்மதில்கள் பொருளற்றுப் போயின. மதிலை அரசன் கட்டுவான், அதனை வியாபாரி கரைப்பான் என்பது சீனத்துப் பட்டணங்களின் பழைய கதை.

நம்மவர்களும் அந்தக் கதையில் ஓர் ஓரத்தில் நிற்கிறார்கள். காயல்பட்டினத்தைப் பற்றி எழுதிவைத்த மார்க்கோ போலோ வியந்த துறைமுகங்களுள் ஒன்று சூவன்சௌ. அங்கே 1281ஆம் ஆண்டுத் தேதியிட்ட தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. கான் பேரரசின் அனுமதி பெற்றுச் சிவபெருமானுக்குத் திருமேனி எழுந்தருளச் செய்த செய்தியை அது சொல்கிறது. கடைசியில் சில சீன எழுத்துக்களும் உள்ளன. அந்நிய ஊரில் சங்கம் கூட்டிக் கோவில் எடுக்கும் வழக்கம் நமக்கு நேற்று வந்ததன்று.

சீனர்களிடமும் இதே வழக்கம் உண்டு. பிழைப்புத் தேடி வேற்றூர் சென்ற சீனர்கள் சென்ற இடமெல்லாம் 'ஹுய்குவான்' என்ற ஊர்ச் சங்கங்களை அமைத்தனர். ஒரே ஊரிலிருந்து வந்தவர் கூடும் மண்டபம் அது. புதிதாக வருபவனுக்குப் படுக்க இடம், வேலைக்கு ஒரு சிபாரிசு, வழக்கு வந்தால் ஒரு மத்தியஸ்தம், ஊர்த் தெய்வத்துக்குத் திருவிழா எல்லாம் அங்கே கிடைக்கும். எல்லாவற்றினும் மேலாகச் சங்கத்தார் மேற்கொண்ட கடமை ஒன்றைச் சொல்ல வேண்டும். அயலூரில் இறந்தவனுடைய சவப்பெட்டியைப் பத்திரமாக வைத்திருந்து, வசதிப்பட்டபோது அவன் பிறந்த மண்ணுக்கு அனுப்பிவைப்பார்கள். ஷாங்காய் நகரில் நிங்போ ஊரார் நடத்திய சங்கத்தின் இடுகாட்டைப் பிரெஞ்சுக்காரர் எடுத்துக்கொள்ள முயன்றபோது, 1874இலும் மீண்டும் 1898இலும் நிங்போக்காரர் தெருவில் இறங்கிக் கலகம் செய்தனர், உயிர்களும் போயின. உயிரோடிருப்பவனுக்கு வேலை தந்த பட்டணம், செத்தவனுக்கு ஆறடி நிலம் தர மறுத்தால் என்ன சினம் வரும் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. 1949க்குப் பின் வந்த புதிய ஆட்சியில், ஐம்பதுகளின் தொடக்கத்தில், இத்தகைய சங்கங்கள் மூடப்பட்டோ சர்க்கார் ஸ்தாபனங்களில் சேர்க்கப்பட்டோ மறைந்துபோயின.

அவை மறைந்த இடத்தில் வந்தது ஒரு சிறு புத்தகம். 'ஹுகோவ்' என்பது அதன் பெயர். வீடு, வாய் என்னும் இரு சொற்கள் சேர்ந்து ஆனது. வீட்டில் எத்தனை வாய் என்று எழுதும் ஏடு. 1954இல் இயற்றப்பட்ட சீன அரசியல் சட்டம், குடிமகன் தன் வசிப்பிடத்தைத் தேர்ந்துகொள்ளவும் மாற்றிக்கொள்ளவும் சுதந்திரம் உடையவன் என்று கூறியது. நான்கே ஆண்டுகளில், 1958 ஜனவரியில், குடும்பப் பதிவுச் சட்டம் வந்தது. அதன்படி கிராமத்தான் பட்டணத்துக்குக் குடிபோக வேண்டுமானால் அங்கே வேலைக்கு எடுத்துக்கொண்டதற்கான கடிதமோ, பள்ளியில் சேர்த்துக்கொண்டதற்கான கடிதமோ, பட்டணத்துப் பதிவதிகாரியின் அனுமதியோ காட்ட வேண்டும். அரசியல் சட்டத்து வாசகம் 1975இல் நீக்கப்பட்டது. 1982இல் எழுதப்பட்ட புதிய அரசியல் சட்டத்திலும் அது திரும்ப இடம்பெறவில்லை.

ஏன் இந்த ஏற்பாடு என்றால், உருக்காலைகளை விரைந்து எழுப்ப வேண்டும் என்ற வேட்கை ஒன்றே காரணம். ஆலைத் தொழிலாளிக்கு மலிவான தானியம் வேண்டும். ஆகவே 1953 முதல் தானியக் கொள்முதல் முழுவதும் சர்க்கார் கைக்குச் சென்றது. மலிவு விலைக்குக் கொடுக்கும் குடியானவன் ஏரை விட்டு ஓடிவிடாமல் இருக்க வேண்டும். ஆகவே அவன் பெயர் கிராமத்து ஏட்டில் கட்டப்பட்டது. பட்டணத்து ஏட்டில் பெயர் உள்ளவனுக்குத் தானியச் சீட்டு, வீடு, வைத்தியம், ஓய்வூதியம். கிராமத்து ஏட்டில் உள்ளவனுக்குக் கூட்டுப்பண்ணையில் விளைந்ததில் ஒரு பங்கு. குழந்தையின் பதிவு தாயைப் பொறுத்தது. பட்டணத்து ஆடவன் கிராமத்துப் பெண்ணை மணந்தால் பிள்ளைகள் கிராமத்தாரே. இவ்விதி தளர 1998 வரை ஆயிற்று.

தானியச் சீட்டின்றிப் பட்டணத்துக் கடையில் அரிசி வாங்க இயலாத காலத்தில், வாயிற்காவலனுக்கு வேலையே இல்லை. சாங்-ஆன் நகரத்து மதிலைக் காட்டிலும் இந்தக் காகித மதில் உறுதியானது என்பது நமது அபிப்பிராயம். 1959 முதல் 1961 வரை நிகழ்ந்த கொடும் பஞ்சத்தில் கோடிக்கணக்கானோர் மாண்டனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தானியத்தை விளைவித்த கிராமத்தார். பஞ்சத்தை ஒட்டிய ஆண்டுகளில் சுமார் இரண்டு கோடிப் பேர் பட்டணங்களிலிருந்து கிராமங்களுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். பின்னர் 1968 இறுதியில் மா சே துங் விடுத்த கட்டளையைத் தொடர்ந்து, பள்ளிப் படிப்பு முடித்த பட்டணத்து இளைஞர்களும் வயலுக்கு அனுப்பப்பட்டனர். இவ்வாறு சென்றவர்கள் மொத்தம் ஏறக்குறைய ஒரு கோடியே எழுபது இலட்சம் பேர். இருபது ஆண்டுக் காலம் சீனத்துப் பட்டணங்கள் வளராமல் நின்றதற்கு இவையே காரணம்.

1978க்குப் பின் காற்று மாறியது. 1980இல் ஹாங்காங் எல்லையை ஒட்டிய ஷென்சென் பகுதி விசேஷப் பொருளாதார வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. அன்று அம்மாவட்டத்தில் மூன்று இலட்சம் பேர் அளவில் இருந்தனர். 2020இல் ஒரு கோடியே எழுபத்தைந்து இலட்சம். ஆலைகளுக்குக் கை வேண்டும். கிராமத்தில் கைகள் சும்மா இருந்தன. 1984இல் ஓர் உத்தரவு பிறந்தது. கிராமத்தார் தமது உணவுத் தானியத்துக்குத் தாமே வழி செய்துகொண்டு சிறு பட்டணங்களில் குடியேறலாம் என்பது அதன் சாரம். "வா, வேலை செய், சாப்பாட்டை நீயே கொண்டு வா" என்று விருந்துக்கு அழைப்பது போன்றது இது! மறு ஆண்டு தற்காலிக வசிப்புச் சீட்டு வந்தது. சீட்டு இல்லாமல் அகப்பட்டவரைப் பிடித்து வைத்து ஊருக்குத் திருப்பி அனுப்பும் முறையும் இருந்தது.

அம்முறை முடிவுற்ற கதை துயரமானது. 2003 மார்ச் மாதத்தில் குவாங்சௌ நகரில் சுன் ஷிகாங் என்ற 27 வயது இளைஞர், தற்காலிகச் சீட்டைக் கையில் வைத்திராததால் பிடித்துக்கொண்டு போகப்பட்டார். அவர் பட்டம் பெற்றவர். ஆடை நிறுவனமொன்றில் வடிவமைப்பாளர். காவலில் அடிபட்டு மூன்று நாட்களுக்குள் இறந்தார். உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று செய்தியை வெளியிட்டது. சட்ட அறிஞர்கள் சிலர் மனுக் கொடுத்தனர். ஜூன் மாதத்தில் சர்க்கார் அச்சட்டத்தையே நீக்கியது. அவருக்கு முன் பிடிபட்டவர்கள் பெரும்பாலும் படிப்பறிவற்ற கூலிகள். படித்தவர் ஒருவர் இறந்த பின்னரே ஏடு திருத்தப்பட்டது என்பதையும் இங்கே குறிக்கத்தான் வேண்டும்.

"எங்கள் பட்டணங்களில் சேரிகள் இல்லை" என்று சீன அதிகாரிகள் பெருமையாகச் சொல்வதுண்டு. தகரக் கொட்டகைச் சேரிகள் குறைவு என்பது மெய்யே. ஆனால் ஷென்சென் நகரம் விரிந்தபோது அதன் வயிற்றுக்குள் அகப்பட்ட பழைய கிராமங்கள் இருந்தன. அக்கிராமத்தார் தம் மனைக்கட்டில் ஐந்து, ஆறு, எட்டு மாடி என்று எழுப்பி, வந்தேறிய தொழிலாளிகளுக்கு வாடகைக்கு விட்டனர். இரு கட்டடங்களின் ஜன்னல்களில் நிற்பவர் கைநீட்டினால் தொட்டுக்கொள்ளலாம். அதனால் அவற்றுக்குக் 'கைகுலுக்கும் கட்டடங்கள்' என்று பெயர். பகலிலும் விளக்கேற்ற வேண்டிய அந்த அறைகளில் படுத்தெழுந்தவர்களே ஷென்சென் நகரத்தைக் கட்டினார்கள். பெய்ஜிங்கில் பலர் நிலத்தடி அறைகளில் குடியிருந்தனர். அந்நகரின் ஓரத்தில் 2017 நவம்பரில் ஒரு வாடகைக் கட்டடம் தீப்பற்றி 19 பேர் மாண்டபோது, பாதுகாப்பு என்ற பெயரில் பல்லாயிரக்கணக்கான வந்தேறிகள் கடுங்குளிரில் சில தினங்களுக்குள் வெளியேற்றப்பட்டனர்.

டிக்கெட் ஜன்னலுக்கு உட்புறம் அமர்ந்து பிழைக்கும் நமக்கு, இந்தக் கதையின் சாரம் முழுவதும் ரயில் நிலையத்தில் தெரிகிறது. சீனப் புத்தாண்டை ஒட்டிய நாற்பது நாட்களில் அந்நாடே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்புகிறது. பட்டணத்தில் பெயர் இல்லாதவன் வருஷத்துக்கு ஒரு முறை தன் பெயர் இருக்கும் ஊருக்குப் போகிறான். இணையத்தில் டிக்கெட் எடுக்கும் வசதி 2011இல் எல்லா வண்டிகளுக்கும் வரும் வரையில், கொட்டும் பனியில் இரவெல்லாம் வரிசை; வரிசையின் ஓரத்தில் கள்ளவிலைக்கு விற்கும் ஆள். அவனை அவர்கள் 'மஞ்சள் எருது' என்பார்கள். நாம் என்ன பெயரிட்டு அழைக்கிறோம் என்பதை இங்கே அச்சிட இயலாது.

2008 ஜனவரிக் கடைசியில் தென் சீனத்தில் வழக்கமில்லாத பனி பெய்தது. ஹூனான் மாகாணத்தில் மின்கம்பிகள் பனிக்கட்டி உறைந்து அறுந்தன. பெய்ஜிங்-குவாங்சௌ பிரதான மார்க்கத்தில் மின்சார எஞ்சின்கள் நின்ற இடத்திலேயே நின்றன. குவாங்சௌ நிலையத்தின் முன் இலட்சக்கணக்கானோர் குடையும் மூட்டையுமாக நாள்கணக்கில் காத்து நின்றனர். இராணுவத்தார் கைகோத்து வேலியாக நின்று கூட்டத்தை நெரிசலினின்றும் காக்க வேண்டியிருந்தது. "இவ்வாண்டு இங்கேயே இருங்கள்" என்று சர்க்கார் கேட்டுக்கொண்டும் பலர் நகரவில்லை. இரயில்வேக்காரன் கண்ணுக்கு அது வெறும் கூட்டமன்று. வருஷத்தில் ஒரு முறை பிள்ளையைப் பார்க்கும் தகப்பன்மார் கூட்டம். அதன்பின் அந்நாட்டார் போட்ட அதிவேகப் பாதை 2024 முடிவில் 48,000 கிலோமீட்டர். பெய்ஜிங்கிலிருந்து குவாங்சௌ எட்டு மணி நேரம். தொழில்முறையில் நாம் தலைவணங்கத்தான் வேண்டும். ஆனால் வண்டி எவ்வளவு விரைந்து சென்றாலும், பிள்ளை அந்தக் கோடியிலும் தகப்பன் இந்தக் கோடியிலும் இருக்கும் காரியம் மாறவில்லை.

பிள்ளைகளை ஏன் உடன் அழைத்துவரவில்லை? பட்டணத்துச் சர்க்கார் பள்ளியில் பெயர் இருப்பவன் பிள்ளைக்கே முதலிடம். ஏனையோர் ஐந்தாறு பத்திரங்களோடு அலைய வேண்டும், அல்லது தொழிலாளர் தாமே நடத்தும் எளிய பள்ளிகளில் சேர்க்க வேண்டும். எப்படியோ படிக்கவைத்தாலும், கல்லூரி நுழைவுக்கான பெரிய பரீட்சையைப் பதிவு உள்ள மாகாணத்தில்தான் எழுத வேண்டும் என்பது நெடுங்கால விதி. பல மாகாணங்கள் அண்மையில் தளர்த்தியும் பெய்ஜிங்கும் ஷாங்காயும் இறுக்கமாகவே இருக்கின்றன. ஆகவே பிள்ளை பாட்டியிடம் வளர்கிறது. தாயோ தந்தையோ இருவருமோ வெளியூரில் இருக்க, கிராமத்தில் விடப்பட்ட சிறுவர் சுமார் ஆறு கோடியே பத்து இலட்சம் என்று அகில சீன மகளிர் சம்மேளனத்தார் 2013இல் மதிப்பிட்டனர். அதற்கு முந்திய நவம்பரில் குய்சௌ மாகாணத்துப் பீஜியே நகரில் ஐந்து சிறுவர் குளிர் தாங்காமல் குப்பைத் தொட்டிக்குள் புகுந்து கரிமூட்டி, புகையில் மூச்சடைத்து இறந்தார்கள். அவர்களில் சிலருடைய பெற்றோர் ஷென்சென்னில் குப்பை பொறுக்கிப் பிழைத்துக்கொண்டிருந்தனர்.

நமது அரசியல் சட்டத்தின் 19ஆம் பிரிவு, நாட்டின் எப்பகுதியிலும் வசிக்கவும் குடியேறவும் பிரஜைக்கு உரிமை தருகிறது. இப்பத்திரிகையைப் படிக்கும் குடும்பங்கள் எவருடைய அனுமதியும் கேளாமல் இவ்வூருக்கு வந்து அடுப்பு மூட்டியது அதன் பலத்தினால்தான். ஆயினும் ரேஷன் கார்டு மாநில எல்லையில் செல்லாக்காசாக இருந்த காலம் அண்மையது. எங்கும் செல்லும் ரேஷன் கார்டுத் திட்டம் 2019இல் சில மாநிலங்களில் தொடங்கி, 2022இல்தான் எல்லா மாநிலங்களையும் எட்டியது. சென்ற ஆண்டு நம் பையனைப் பள்ளியில் சேர்க்க வசிப்பிட அத்தாட்சி கேட்டார்கள். வீட்டுக்காரர் வாடகைப் பத்திரத்தில் கையெழுத்திட மறுத்தார். மூன்று வாரம் நடந்தோம். அதைச் சீனத்துக் குடியானவன் பட்டபாட்டோடு ஒப்பிடுவது நியாயமாகாது. ஏடு மனிதனை நிறுத்திவைக்கும் விதம் மட்டும் சற்றே புரிந்தது.

இனி வரப்போவது என்ன? ஏட்டின் கெடுபிடியைத் தளர்த்த வேண்டும் என்பதைச் சீன சர்க்காரே ஒப்புக்கொண்டுவிட்டது. 2014இல் வெளியிட்ட திட்டப்படி பத்துக் கோடிப் பேருக்குப் பட்டணப் பதிவு தரப்பட்டது. 2019இல், முப்பது இலட்சத்துக்குக் குறைந்த ஜனத்தொகை உள்ள நகரங்கள் கதவை முழுவதும் திறக்க உத்தரவாயிற்று. 2024இல் வந்த ஐந்தாண்டுத் திட்டம் பட்டணவாசிகளை நூற்றுக்கு எழுபது ஆக்கப் பார்க்கிறது. ஆனால் கதவு திறந்திருக்கும் ஊரில் வேலை குறைவு. வேலை உள்ள ஊரில் கதவு கெட்டி. பெய்ஜிங்குக்கு 2 கோடியே 30 இலட்சம், ஷாங்காய்க்கு 2 கோடியே 50 இலட்சம் என்று ஜனத்தொகைக்கு உச்சவரம்பே விதித்திருக்கிறார்கள். குடியானவனும் இப்போது யோசிக்கிறான். கிராமத்துப் பதிவோடு பங்கு நிலமும் மனைக்கட்டும் ஒட்டியிருக்கின்றன. ஆலை மூடிய அன்று திரும்பிப் போக அது ஒன்றுதான் உண்டு. கைவிட மாட்டேன் என்கிறான். அவன் கணக்கு சரியென்றே நமக்குப் படுகிறது.

2022 முதல் சீனத்தின் ஜனத்தொகையும் குறையத் தொடங்கிவிட்டது. வடகிழக்கே ஹெய்லோங்ஜியாங் மாகாணம் 2010க்கும் 2020க்கும் இடையில் அறுபது இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களை இழந்தது. அங்குள்ள ஹெகாங் என்னும் நிலக்கரி நகரில் வீடுகள் அடிமாட்டு விலைக்குப் போகின்றன என்ற செய்தி 2019இல் நாடெங்கும் பரவியது. நிலத்தை விற்றே வருமானம் தேடிய உள்ளூர் ஆட்சிகளும், கடன்மேல் கடன் வாங்கிக் கட்டிய கம்பெனிகளும் சேர்ந்து இடறின. எவர்கிராண்டே என்ற பெருங் கம்பெனி 2021இல் கடன் தவறியது. 2024இல் ஹாங்காங் நீதிமன்றம் அதனைக் கலைக்க உத்தரவிட்டது. இடையே 2022இல், பணம் கட்டியும் வீடு முடியாத குடும்பங்கள் பல நகரங்களில் தவணை செலுத்த மறுத்தன. இனிப் பட்டணம் கட்டுவதைக் காட்டிலும், கட்டிய பட்டணத்தில் யாரைக் குடிவைப்பது என்பதே அவர்களுக்குப் பெரிய வேலை.

முதலில் வந்தவர்களோ கிழவர்களாகி வருகிறார்கள். ஊர்விட்டு உழைப்போரின் சராசரி வயது 2008இல் 34, 2023இல் 43. கட்டட வேலையில் அறுபது வயதுக்கு மேற்பட்டோரைச் சேர்க்கலாகாது என்று சில நகரங்கள் தடுத்துவிட்டன. கிராமத்துப் பதிவுடையவருக்குக் கிடைக்கும் முதியோர் ஊதியம் சராசரி மாதம் இருநூறு யுவானைச் சற்றே தாண்டும்; பட்டணத்துத் தொழிலாளிக்கு அதைப்போல் பத்து மடங்குக்கு மேல். கிராமத்துப் பள்ளிகள் பல 2001க்குப் பிறகு பெரிய பள்ளிகளோடு சேர்க்கப்பட்டு மூடப்பட்டன. அதனால் பேரப்பிள்ளை மாவட்டத் தலைநகரில் படிக்கிறது. தாயோ பாட்டியோ பள்ளிக்கு அருகில் ஓர் அறை எடுத்துச் சமைத்துப் போடுகிறாள். தகப்பன் குவாங்தோங் ஆலையில். தாத்தா நிலத்தைப் பார்த்துக்கொண்டு கிராமத்தில். ஒரே குடும்பம், மூன்று ஊர், மூன்று அடுப்பு. பதிவுப் புத்தகம் மட்டும் தாத்தாவின் பெட்டியில் இருக்கிறது.